கனமா, காற்றா? பழைய ஆல்-வீல் டிரைவ் கார்களின் கணக்கு

டர்பனிலிருந்து ஜொஹானஸ்பர்க் போகும் என்3 சாலையில் பழைய ஆல்-வீல் டிரைவ் கார் (எஞ்சின் நான்கு சக்கரங்களையும் சுழற்றும் கார்) ஓட்டுகிறவர்கள் சொல்லும் புகார் ஒன்றே ஒன்றுதான்: "வண்டி கனம், அதான் பெட்ரோலைக் குடிக்குது." டர்பன் புறநகர் சாட்ஸ்வர்த் ஒர்க்‌ஷாப்புகளிலும் இதே பேச்சு. பாதிதான் சரி.

நடுவில் ஒரு டிஃபரென்ஷியல் (சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பற்சக்கரத் தொகுதி), பின்னால் இன்னொன்று, இடையே எஞ்சினின் சக்தியைப் பின்னால் கொண்டுபோகும் நீளமான ப்ராப்பெல்லர் ஷாஃப்ட்: கூடுதல் கனம் இவற்றால்தான். 1980இல் வந்த ஆடி குவாட்ரோ ஏறக்குறைய 1,300 கிலோ. அதில் இந்தச் சாமான்களின் பங்கு 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சமதரையில் அந்த 80 கிலோவை உருட்டிச் செல்ல 1 கிலோ எடையளவு தள்ளுவிசை போதும். அதே கார் 120 கி.மீ. வேகத்தில் காற்றைப் பிளக்க 50 கிலோவுக்கு மேல் தள்ள வேண்டும்!

காரணம் வடிவம். குவாட்ரோவின் காற்றுத்தடை எண் (குறைந்தால் காற்றை எளிதாகப் பிளக்கும்) 0.43, அதே ஆடி 1982இல் வெளியிட்ட 100 மாடலுக்கு 0.30. பழைய வண்டியை லிஃப்டில் ஏற்றி அடியில் பாருங்கள்: ஷாஃப்ட், சைலன்சர், டிஃபரென்ஷியல் எல்லாம் மூடியின்றித் தொங்கும். ஒவ்வொன்றிலும் காற்று மோதிச் சுழலும். போதாததற்குக் கூரையில் காலி கேரியர் வேறு. முதலில் அதைக் கழற்றலாம். வேகம் 80இலிருந்து 120 ஆனால் காற்றுத்தடை இரண்டேகால் மடங்கு. எஞ்சின் தர வேண்டிய திறனோ மூன்று மடங்குக்கும் மேல்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் டவுன் ஹில், வான் ரீனன் கணவாய் என்று ஏற்றம் வந்தால் கதை மாறும். 100 மீட்டருக்கு 5 மீட்டர் ஏறும் சாலையில் குவாட்ரோவைப் பின்னுக்கு இழுப்பது 65 கிலோ எடையளவு விசை. 80 கி.மீ. வேகத்தில் காற்றின் பங்கு 24 கிலோதான். கனத்தைத் திட்டுவது இங்கே நியாயம். இறக்கத்தில் பிரேக்கும் அதே கனத்துக்குத்தான் சூடாகிறது.

கனம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதும் முக்கியம். குவாட்ரோவின் ஐந்து சிலிண்டர் எஞ்சின் முன் அச்சுக்கும் முன்னால் இருக்கிறது. வளைவில் வேகமாகத் திருப்பினால் மூக்கு வெளிப்பக்கம் ஓடப் பார்க்கும். பின் டிஃபரென்ஷியலின் கனம் அதைக் கொஞ்சம் ஈடுகட்டுகிறது.

ஜொஹானஸ்பர்க் சுமார் 1,750 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி டர்பனைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. காற்றுத்தடையும் அவ்வளவு குறையும். ஆனால் டர்போ இல்லாத எஞ்சினுக்கு மூச்சும் அதே அளவு திணறும். டர்போ உள்ள குவாட்ரோ போன்றவை காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவதால் அவ்வளவாக இழப்பதில்லை.