பசியைக் குறைக்கும் கத்தி: எடைக்குறைப்பு அறுவை சிகிச்சையில் நடப்பது என்ன?

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை என்றதும், வயிற்றில் சேர்ந்த கொழுப்பை வெட்டி எடுப்பார்கள் என்றே பலரும் நினைக்கிறார்கள். மருத்துவர் கத்தி வைப்பது இரைப்பையிலும் சிறுகுடலிலும்தான். கொழுப்பு பிறகு பல மாதங்களில் தானாகக் கரைகிறது.

இன்று உலகில் அதிகமாகச் செய்யப்படும் ஸ்லீவ் முறையில், வயிற்றில் போடும் சிறு துளைகள் வழியாக ஸ்டேப்ளர் கருவியைச் செலுத்தி, இரைப்பையின் வெளிவளைவை நெடுக வெட்டி, ஏறத்தாழ 75 முதல் 80 சதவீதத்தை எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது வாழைப்பழம் போன்ற ஒரு குழாய். அகற்றப்படும் பகுதியில்தான், 1999-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்த கிரெலின் என்னும் பசி ஹார்மோன் பெருமளவு சுரக்கிறது. பட்டினி கிடந்து இளைப்பவருக்கு இந்த ஹார்மோன் கூடிப் பசி விரட்டும். ஸ்லீவ் செய்துகொண்டவருக்கோ அது குறைந்துவிடுகிறது. உணவுக் கட்டுப்பாட்டில் தோற்றவர்களை மன உறுதியற்றவர்கள் என்று ஏசுவது எவ்வளவு அநியாயம் என்பதை இந்த ஒரு வேறுபாடே காட்டுகிறது.

1960-களில் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் தொடங்கிவைத்த இரைப்பை பைபாஸ் முறை இன்னும் நுட்பமானது. இரைப்பையின் மேற்பகுதியைச் சுமார் 30 மில்லிலிட்டர் கொள்ளும் சிறு பையாகப் பிரித்து, அதைச் சிறுகுடலின் நடுப்பகுதியோடு நேராக இணைக்கிறார்கள். முன்சிறுகுடலைத் தொடாமல் உணவு வேகமாகக் கீழே இறங்குவதால், ஜி.எல்.பி-1 என்னும் குடல் ஹார்மோன் பெருகி, இன்சுலின் சுரப்பைத் தூண்டுகிறது. எடை குறைவதற்கு முன்பே, சில நாட்களிலேயே, பல நீரிழிவு நோயாளிகளின் சர்க்கரை அளவு இறங்கத் தொடங்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆகவே வீடு திரும்பும் முன்பே இன்சுலின், மாத்திரை அளவுகளைத் திருத்தி எழுதி வாங்க வேண்டும். பழைய அளவையே தொடர்ந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடலாம். சிலருக்குச் சில ஆண்டுகளில் நீரிழிவு திரும்புவதும் உண்டு.

பலன் தரும் அதே மாற்றம்தான் குறைபாட்டுக்கும் வழி திறக்கிறது. இரும்பும் கால்சியமும் முக்கியமாக உறிஞ்சப்படும் முன்சிறுகுடல், பைபாஸில் விலக்கப்பட்டுவிடுகிறது. வைட்டமின் பி12 உடலில் சேர இரைப்பை சுரக்கும் ஒரு புரதம் தேவை. அந்தச் சுரப்பு குறைந்தாலும், கல்லீரலில் இருக்கும் சேமிப்பு நெடுநாள் தாக்குப்பிடிப்பதால் பற்றாக்குறை தாமதமாகத்தான் தெரியவரும். நோயாளி நலமாக இருப்பதாக நம்பி மாத்திரையையும் இரத்தப் பரிசோதனையையும் கைவிட்டிருக்கும் காலம் அது. சைவ உணவுக்காரர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

தயாமின் என்னும் பி1 கதையே வேறு: உடலில் அதன் இருப்பு சில வாரங்களுக்குத்தான் வரும். அறுவைக்குப் பின் ஓயாமல் வாந்தி எடுப்பவருக்குப் பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழம்பினாலோ, அதைச் சோர்வு என்று விட்டுவிடக் கூடாது. உடனே மருத்துவமனைக்குச் சென்று, அறுவை நடந்த விவரத்தைச் சொல்ல வேண்டும். தயாமின் ஊசி தாமதமானால் நினைவாற்றல் நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம்.

சாப்பாட்டு முறையும் மாறுகிறது. முதலில் திரவம், பிறகு மசித்தது என்று படிப்படியாக ஏறி வழக்கமான உணவுக்கு வந்த பிறகும், தட்டில் முட்டை, மீன், பருப்பு, பனீர் போன்ற புரதத்தை முதலில் மென்று முடித்துவிட்டுத்தான் சோற்றுக்கு வர வேண்டும். தண்ணீரை உணவோடு சேர்க்காமல் இடைவெளி விட்டு மிடறு மிடறாகக் குடிக்க வேண்டும். பைபாஸ் செய்தவர் பாயசம் குடித்தால் படபடப்பும் வியர்வையும் வயிற்றுப்போக்கும் வரலாம். பெண்களை, அறுவைக்குப் பின் கருத்தரிப்பை 12 முதல் 18 மாதங்கள் தள்ளிப்போடச் சொல்கிறார்கள்.

ஸ்வீடனில் 1987-ல் தொடங்கிய நீண்ட ஆய்வில், அறுவை செய்துகொண்டவர்கள் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிடச் சராசரியாகச் சுமார் 3 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தார்கள். ஆசிய உடல்வாகினருக்கு, 2022-ல் வெளியான சர்வதேச வழிகாட்டுதல் பி.எம்.ஐ (உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு) 27.5 முதலே இந்தச் சிகிச்சையை வழங்கலாம் என்கிறது. கையெழுத்திடும் முன், எந்த முறை, ஏன் அந்த முறை, அடுத்த ஆண்டுகளில் இரத்தப் பரிசோதனையை யார் கவனிப்பார் என்று கேட்டு, விடையை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.