அட்வான்ஸ் கொடுக்கும் முன் புலப்படம் பாருங்கள்

வேலூர் மாவட்டம் அணைக்கட்டு ஊர்ப் பக்கம் என் அத்தை மகன் 60 சென்ட் வாங்கினான். பத்திரம், வில்லங்கம், பட்டா எல்லாம் பார்த்தான். வரைபடமும் பார்த்தான். ஆனால் அது விற்றவர் பையில் வைத்திருந்த ஜெராக்ஸ். அந்த ஜெராக்ஸ் எடுத்த பிறகு நிலம் உட்பிரிவு ஆகி, கிணறு இருந்த மூலை பக்கத்து நிலத்துக்காரருக்குப் போயிருந்தது. சர்வேயர் வந்து அளந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. கிணறு இன்றைக்கும் வேலிக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது.

புலப்படம் என்பது ஒரு சர்வே எண்ணின் எல்லை, உட்பிரிவு, பக்க நீளம் எல்லாம் காட்டும் அரசு வரைபடம். ஆபீஸில் எஃப்.எம்.பி. என்று கேட்டால்தான் புரியும். அரசின் நில ஆவண இணையதளத்தில் இலவசமாகவே எடுக்கலாம். செல்போனுக்கு வரும் ஓ.டி.பி. போதும். நிலம் உங்கள் பெயரில் இருக்க வேண்டும் என்பதில்லை, வாங்கப்போகிறவரும் எடுக்கலாம். கம்ப்யூட்டர் சென்டரில் பிரிண்டுக்குப் பத்து இருபது கேட்டால் நியாயம். “ஆபீஸில் சொல்லி எடுத்துத் தரேன், ஐந்நூறு ஆகும்” என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

பலருக்கு அந்த இணையதளத்தில் மாவட்டம், வட்டம் கேட்கும் முதல் திரையிலேயே சறுக்குகிறது. பழைய பத்திரத்தில் வட ஆற்காடு மாவட்டம், ஏதோ ஒரு வட்டம் என்று இருக்கும். 2019 நவம்பரில் வேலூர் மூன்றாகப் பிரிந்தது. ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம் எல்லாம் ராணிப்பேட்டையில். ஆம்பூர், வாணியம்பாடி திருப்பத்தூரில். வேலூருக்குள் இருப்பவற்றிலும் தாலுக்கா மாறிய ஊர்கள் உண்டு. பத்திரத்தில் குடியாத்தம் வட்டம் என்று இருக்கும் ஊரைப் பேரணாம்பட்டிலோ கே.வி.குப்பத்திலோ தேட வேண்டியிருக்கும். அதோடு, அங்கே கேட்பது வருவாய் கிராமத்தின் பெயர். நாம் பஸ் டிக்கெட் கேட்கும் ஊர்ப் பெயர் அந்தப் பட்டியலில் இல்லாமல் போகலாம். மாநகராட்சி எல்லைக்குள் என்றால் வார்டு, பிளாக், நகர சர்வே எண் தேவை. கிராம சர்வே எண்ணை வைத்துத் தேடினால் வராது. வரவில்லை என்பதால் நிலமே இல்லை என்று பயந்துவிடாதீர்கள்.

அடுத்தது எண். 1979-ல் தொடங்கிய யு.டி.ஆர். எனும் நிலப் பதிவேடு புதுப்பிக்கும் பணியில் ஏராளமான சர்வே எண்களும் உட்பிரிவுகளும் மாறின. அதற்கு முந்தைய பத்திரத்தில் இருக்கும் எண்ணை அப்படியே தட்டினால் யாருடைய வயலோ வரும். பழைய எண்ணுக்குப் புதிய எண் எது என்று தாலுக்கா ஆபீஸில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். புரோக்கர் வாயால் சொல்வது கணக்கில் சேராது.

அதிகம் பேர் ஏமாறுவது உட்பிரிவில். பட்டாவில் 45/2பி என்று இருக்கும், படத்தில் 45/2 மட்டும் இருக்கும். உங்கள் பங்கு எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று அந்தப் படத்துக்கே தெரியாது. இதில் பிரிண்ட் அடித்த தேதியைப் பார்த்து ஏமாறாதீர்கள். இன்றைக்கு அடித்த தாளிலும் பழைய படம் வரும். பட்டாவில் உள்ள உட்பிரிவு எண் படத்தில் தனிக் கோட்டோடு இருந்தால்தான் முன்பணம் கொடுங்கள். கூட்டுப் பட்டா என்றால், பிரித்து அளந்து தரச் சொல்லுங்கள். “அப்புறம் பார்த்துக்கலாம்” என்பவர் அப்புறம் போனை எடுக்க மாட்டார்.

படம் திருத்தப் போனால் அலைச்சல் தொடங்கும். வி.ஏ.ஓ. “தாலுக்காவில் கேளுங்க” என்பார். அங்கே “சர்வேயரைப் பாருங்க” என்பார்கள். சர்வேயர் ஃபீல்டில் இருப்பார், எந்த ஃபீல்டு என்று யாருக்கும் தெரியாது. ஒரு ஆபீஸில் மூன்றாவது முறையாக வந்திருந்த பாட்டியிடம், “ஏம்மா, நெட்டுல வரலைன்னா நாங்க என்ன பண்றது?” என்றார் எழுத்தர். பாட்டி மூன்று முறை வந்ததற்கு அங்கே ஒரு துண்டுச் சீட்டு கூட இல்லை. அதனால் வாயால் கேட்காதீர்கள். மனுவை இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் தேதியோடு சீல் வாங்குங்கள். நகரவில்லையா, சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை குறைதீர் நாளில் அந்தச் சீல் பிரதியையும் சேர்த்துக் கொடுங்கள். பழைய படத்தின் நகல் வேண்டுமென்றால் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். “எல்லா ஆவணமும்” என்று எழுதாமல் கிராமம், சர்வே எண் போட்டுக் கேளுங்கள், தட்டிக்கழிக்க இடம் இருக்காது.

படம் கைக்கு வந்ததும் ஸ்கேல் வைத்து அளக்க ஆரம்பிக்காதீர்கள். 1:2000 என்று போட்டிருந்தால் ஒரு சென்டிமீட்டர் 20 மீட்டர். தாளுக்கு அடங்கும்படி கம்ப்யூட்டர் சென்டரில் சுருக்கி அடித்திருந்தால் அந்தக் கணக்கு போச்சு. கோட்டின் மேல் எழுதியிருக்கும் நீளத்தை மட்டும் நம்புங்கள். பழைய படத்தில் அது லிங்க்ஸ் கணக்கில் இருக்கும், 100 லிங்க்ஸ் 66 அடி. பட்டாவில் 0.24.50 என்று இருப்பதை 24 சென்ட் என்று படிப்பவர்கள் உண்டு. அது ஹெக்டேர் கணக்கு, ஏறக்குறைய 60 சென்ட்.

வழியையும் பாருங்கள். நேரில் டிராக்டர் போகும் பாதை படத்தில் இல்லையென்றால், யாரோ ஒருவர் தன் நிலத்தில் விட்டுக்கொடுத்த வழியாக இருக்கலாம். அவர் மகன் விட வேண்டும் என்று கட்டாயமில்லை. ஓரத்துச் சர்வே எண்களை அ-பதிவேட்டில், அதாவது எந்த எண் என்ன நிலம் என்று காட்டும் கிராமப் பதிவேட்டில் தேடி ஓடையா, வண்டிப்பாதையா, ஏரிப் புறம்போக்கா என்று பார்த்துவிடுங்கள்.

சந்தேகம் தீரவில்லை என்றால் அளக்க மனு போட்டு, கட்டணத்தை ரசீதோடு மட்டும் கட்டுங்கள். அளக்கும் நாளில் பக்கத்து நிலத்துக்காரரும் இருக்கட்டும். கல் நட்ட உடனே செல்போனில் போட்டோ எடுத்து வையுங்கள். எங்கள் பக்கம் கல்லுக்கு ராத்திரியில் கால் முளைக்கும்.