கிளான்: குலமா, குழாமா?

இணையவழி உத்தி விளையாட்டுகளில் பலர் ஒரே கொடியின்கீழ் சேர்ந்து ஆடும் அமைப்புக்குக் கிளான் என்று பெயர். இதைத் தமிழில் ‘குலம்’ என்று எழுதுவதை அடிக்கடி பார்க்கிறேன். ஓசையும் ஒத்து வருகிறது, அகராதியும் கைகொடுக்கிறது. ஆனாலும் எனக்கு இது உடன்பாடில்லை. குலம் என்று பெயர் வைத்துவிட்டு விளையாட்டுக்கு விதி எழுத உட்கார்ந்தால், கை தானாகவே குலத்தின் விதிகளைத்தான் எழுதும்.

முதலில் சொல்லின் பிறப்பைப் பார்ப்போம். ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் ‘கிளான்’ என்றால் பிள்ளைகள், வழித்தோன்றல்கள். பழைய ஐரிஷில் இது ‘கிளாண்ட்’. அதற்கு மூலம் லத்தீனில் முளை, நாற்று என்று பொருள்படும் ‘பிளாண்டா’. பகரம் எப்படிக் ககரமாயிற்று என்று கேட்கலாம். ஐரிஷின் மிகத் தொன்மையான வடிவத்தில் பகர ஒலியே இல்லை. ஆகவே இரவல் வந்த பகரத்தைக் ககரமாக்கிக்கொண்டார்கள். செந்நீல நிறத்தைக் குறித்த லத்தீன் ‘புர்புரா’ அங்கே ‘கோர்குர்’ ஆனதும் இப்படித்தான். நம்மிடம் இல்லாத ஆங்கில f ஒலியைப் பகரமாக்கி நாம் ‘ஆபீஸ்’ என்று எழுதுகிறோமே, அதே வழக்கம். அண்டை மொழியான வேல்ஷ் பகரத்தை விடவில்லை. அங்கே பிள்ளைகளுக்கு இன்றும் ‘பிளாண்ட்’ என்றுதான் பெயர்.

முளை என்னும் சொல் பிள்ளையாகி, பிள்ளைகள் இனமாகிய இந்த வழியில் தமிழும் நடந்திருக்கிறது. நம் ‘கிளை’ மரத்தின் கொம்பையும் குறிக்கும், உறவையும் குறிக்கும். கிளைஞர் என்றால் சுற்றத்தார். ஒன்றுக்கொன்று உறவில்லாத இரு மொழிகள் மரத்தைப் பார்த்தே உறவுக்குப் பெயர் சூட்டியிருக்கின்றன. இதைக் கண்டபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி கொஞ்சமல்ல. ஸ்காட்லாந்து வரலாற்றை எழுதுகிறவர் ‘கிளை’ என்றே எழுதலாம். விளையாட்டுக்கு அது பொருந்தாது. இன்று கிளை என்றதும் தலைமை அலுவலகம் ஒன்று எங்கோ இருப்பதாகத்தான் தோன்றும்.

விளையாட்டு உலகில் கிளான் என்ற பெயர் 1996-இல் வெளிவந்த ‘குவேக்’ என்னும் துப்பாக்கிச் சண்டை விளையாட்டின் ஆட்டக்காரர்களிடையே பெரிதும் பரவியது. பலர் சேர்ந்து சாகசப் பயணம் போகும் ‘எவர்குவெஸ்ட்’ போன்ற ஆட்டங்கள் இதே அமைப்பைக் கில்டு என்றன. கில்டின் வேர் வேறு: பழைய ஆங்கிலத்தில் அது செலுத்தும் தொகையைக் குறித்தது. பணத்தைக் குறிக்கும் ஜெர்மன் ‘கெல்ட்’டும் இதன் உறவுதான். ஆக, ஒரு சொல் பிறப்பிலிருந்து வந்தது, மற்றது பங்களிப்பிலிருந்து வந்தது. விளையாட்டில் நடப்பது இரண்டாவதுதான். யாரும் கிளானில் பிறப்பதில்லை. விரும்பிச் சேர்கிறார்கள், உழைக்கிறார்கள், மனம் ஒவ்வாவிட்டால் விலகுகிறார்கள். குலமோ பிறப்பால் வருவது, விலக வழியில்லாதது. நம் மொழியில் அச்சொல் சுமக்கும் ஏற்றத்தாழ்வையும் மறந்துவிட முடியாது.

பிறகு என்ன சொல்வது? ‘குழு’ மிகப் பொதுவானது, ஆய்வுக் குழுவும் குழுதான். ‘அணி’ என்றால் ஓர் ஆட்டத்துக்காக எதிரெதிரே நிற்கும் பக்கம் என்றாகிவிடும். ‘கூட்டணி’யைப் பல கிளான்கள் கைகோக்கும் நிலைக்கு விட்டுவைக்க வேண்டும். என் தேர்வு ‘குழாம்’. குழுமுதல் என்ற வினையோடு உறவுடைய பழஞ்சொல் இது. அடியார் குழாம், அறிஞர் குழாம் என்று இன்றும் வழங்குகிறது. அடியார் குழாத்தில் ஒருவரைச் சேர்ப்பது அவருடைய ஈடுபாடு, பிறப்பன்று.

நேர்மையான குழாத்துக்கு முதல் தேவை நேர்மையான பங்கீடு. இதற்கும் நம்மிடம் ஒரு சொல் உண்டு: பாதீடு. பகுத்தலைக் குறிக்கும் பாத்தல் என்னும் வினையிலிருந்து வந்தது. இலங்கைத் தமிழ் நாளிதழ்களில் அரசின் வரவு செலவுத் திட்டத்துக்கு இப்பெயரும் வழங்குகிறது. தொல்காப்பியத்தில், பகைவரின் ஆநிரை கவர்வதைப் பாடும் வெட்சித் திணையின் துறைகளுள் ஒன்று பாதீடு: கவர்ந்துவந்த ஆநிரையைப் பகுத்துக் கொடுப்பது. பிற்கால இலக்கண நூலான புறப்பொருள் வெண்பாமாலை அதை இன்னும் விளக்கமாகச் சொல்கிறது. அவரவர் செய்த வினையை அறிந்து பங்கு கொடுக்க வேண்டும். வாளெடுத்துப் போரிட்டவருக்கும் பங்கு, ஒற்றறிந்து வந்தவருக்கும் பங்கு, புள் நிமித்தம், அதாவது பறவைச் சகுனம், சரியாகச் சொன்னவருக்கும் பங்கு.

விளையாட்டு வடிவமைப்பாளர்கள் பலர் சறுக்கும் இடம் இதுவே. தாக்குதல்களை எண்ணுவது எளிது, ஆகவே தாக்கியவருக்கு மட்டும் புள்ளி விழுகிறது. உளவு பார்த்தவர், எல்லையில் காவலிருந்தவர், தானியமும் இரும்பும் அனுப்பியவர், புதியவருக்குப் பழக்கிக் கொடுத்தவர் யாரும் கணக்கில் வருவதில்லை. சில வாரங்களில் எல்லாரும் தாக்கவே விரும்புவார்கள், காவலுக்கு ஆளிருக்காது. 1999-இல் எவர்குவெஸ்ட் ஆட்டக்காரர்கள் தாங்களே ஒரு பாதீட்டு முறையை உருவாக்கினார்கள். டிராகனை வீழ்த்தும் பயணத்தில் பங்கெடுத்தால் புள்ளி சேரும், அரிய பொருள் கிடைக்கும்போது சேர்த்த புள்ளியைக் கொடுத்து அதைப் பெறலாம். தலைவரின் தயவு இருந்த இடத்தில் கணக்கு வந்தது. ஆனால் அதிலும் ஒரு குறை: பழையவர்கள் மலைபோல் புள்ளி குவித்துவிட்டால், புதியவர் எத்தனை மாதம் உழைத்தாலும் எட்ட முடியாது. குலத்தின் மூத்த கால்வழிக்கே எல்லாம் என்ற பழைய கதை மீண்டும் நுழைகிறது. செலவிடாத புள்ளி வாரந்தோறும் சிறிது தேய்ந்துவர வேண்டும் என்ற விதி இதற்கு நல்ல மருந்து.

அடுத்தது தலைமை. 2009-இல் ‘ஈவ் ஆன்லைன்’ என்னும் விண்வெளி ஆட்டத்தில் மிகப் பெரிய கூட்டணி ஒன்றின் நிர்வாகி எதிர்த்தரப்புக்குத் தாவினார். போகும்போது, தமக்கிருந்த அதிகாரத்தைக் கொண்டே கூட்டணியைக் கலைத்துவிட்டார். ஆயிரக்கணக்கானோர் பல ஆண்டுகள் கட்டியது ஒருவர் கையால் கலைந்தது. துரோகமும் உளவும் அந்த ஆட்டத்தின் சுவை என்று வாதிடுவோர் உண்டு, அதை மதிக்கிறேன். ஆனாலும் கலைப்பது, கருவூலத்தைக் காலிசெய்வது ஆகிய இரண்டுக்கும் ஒருவருக்கு மேற்பட்டோரின் ஒப்புதலும் சில நாள் அவகாசமும் வேண்டும். தலைவர் நெடுநாள் உள்நுழையாவிட்டால் பொறுப்பு அடுத்தவருக்குச் செல்ல வேண்டும்.

குழாங்களுக்குள் போர் மூளும்போது சமபலம் பார்ப்பது தனிச் சிக்கல். ‘கிளாஷ் ஆஃப் கிளான்ஸ்’ 2012-இல் வந்தது. ஒரு கிளானுக்கு 50 பேர் என்ற வரம்பு பெரிய கிளான்கள் மற்ற எல்லாரையும் விழுங்குவதைத் தடுத்தது. 2014-இல் கிளான் போர் வந்தபோது, ஒவ்வோர் ஆட்டக்காரரும் கட்டிவைத்த ஊரின் வலிமையைக் கணக்கிட்டு எதிரியைப் பொருத்தினார்கள். சிலர் காவல் கட்டடங்களை வேண்டுமென்றே வளர்க்காமல் படையை மட்டும் வளர்த்தார்கள். கணக்குக்கு மெலிந்தவராகத் தெரிந்தார்கள், களத்தில் வலியவராக இறங்கினார்கள். எதை அளக்கிறோமோ அதை ஆட்டக்காரர்கள் வளைப்பார்கள். ஆகவே கட்டடத்தை மட்டும் அளக்காமல், அண்மைப் போர்களின் முடிவுகளையும் சேர்த்தே பொருத்த வேண்டும். பரிசுக்காகக் குழாம் விட்டுக் குழாம் தாவுவோருக்கு, சேர்ந்த முதல் சில நாள்களில் போர்ப் பங்கு இல்லை என்ற விதி போதும். விலகும் உரிமையில் மட்டும் கைவைக்கக் கூடாது. அது போனால் குழாம் மறுபடி குலமாகிவிடும்.

துணைச்சொற்களுக்கும் வழி இருக்கிறது. கிளான் போரைக் குழாப்போர் என்றும், தலைவரைக் குழாத்தலைவர் என்றும், ஊரார், நாட்டார் என்பதுபோல உறுப்பினரைக் குழாத்தார் என்றும் சொல்லலாம். கிளாஷ் ஆஃப் கிளான்ஸில் உள்ள எல்டர் என்ற பதவியை மூத்தவர் என்று பெயர்க்கத் தோன்றும். அதுவும் குலத்தின் எச்சம். பதினைந்து வயதுப் பிள்ளையும் அந்தப் பதவிக்கு வரலாம் என்பதால், பொறுப்பாளர் என்றே எழுதுகிறேன்.