வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே போட வேண்டிய ஊசி

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரை கடந்த சில நாட்களில், அப்பகுதிக் கால்நடைகளுக்குச் சிகிச்சை அளிக்கச் சென்ற மருத்துவர்களில் நானும் ஒருவன். எங்களுடன் வந்த தன்னார்வ இளைஞர் ஒருவர், சரிந்த கொட்டகைக்குள் கழுத்துக்கயிறு இறுகிக் கிடந்த ஒரு நாயை அவிழ்க்கக் குனிந்தார். பட்டினியாலும் வலியாலும் மிரண்டிருந்த அந்த நாய், அவருடைய பெருவிரலின் அடியில் பல் பதியக் கடித்துவிட்டது. கடிவாயைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். குழாயில் நீர் இல்லாததால், குடிப்பதற்கு வைத்திருந்த கேன் தண்ணீரை ஊற்றிக் கழுவினோம். மரங்கள் விழுந்து கிடந்த சாலைகளில் அவரை மருத்துவமனைக்குக் கொண்டுசேர்ப்பதற்குள், எங்களிடமிருந்த ஒரே வண்டியின் அன்றைய பொழுது முடிந்துவிட்டது.

வெறிநோய்த் தடுப்பூசியை அவர் முன்கூட்டியே போட்டிருக்கவில்லை. விலங்குகளைக் கையாளுவோருக்கு முதல் ஊசி போடும் நாளை 0 என்று கணக்கிட்டு, 0, 7 ஆகிய நாட்களிலும், பின்பு 21 அல்லது 28ஆம் நாளிலும் அதைப் போடுவது நம் நாட்டு வழக்கம். முறையாகப் போட்டு முடித்தவரை நாய் கடித்தால், காயத்தைக் கழுவியபின் 0, 3 ஆகிய நாட்களில் இரண்டு ஊசிகள் போதும். காயத்தைச் சுற்றிச் செலுத்தும் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பொருள் மருந்து தேவைப்படாது. புயல், வெள்ள நேரத்தில் விலங்குகளுக்கு உதவச் செல்ல நினைப்பவர்கள், அக்டோபரில் மழை தொடங்குமென்றால், ஆகஸ்ட் மாதமே முதல் ஊசியைப் போட்டுக்கொள்வதுதான் சரி. டெட்டனஸ் ஊசியையும் அப்போதே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

எலிக்காய்ச்சலையும் பலர் மறந்துவிடுகிறார்கள். எலி, மாடு ஆகியவற்றின் சிறுநீர் கலந்த வெள்ளநீரில் வெடிப்புள்ள பாதத்தோடு நிற்பதே அந்நோய்க் கிருமி உடலில் நுழையப் போதுமானது. ஆகவே, முழங்கால் வரையுள்ள கம்பூட்ஸ் அணியுங்கள். ஆனால் பூட்ஸுக்கு மேல் நீர் ஏறும் இடத்தில் இறங்காதீர்கள், உள்ளே நீர் நிறைந்தால் காலைத் தூக்கவே முடியாது. தடுப்பு மாத்திரை வேண்டுமா என்பதை, புறப்படும் முன் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

மூன்று நாட்களுக்கான உணவும் நீரும், டார்ச், வழக்கமாக உண்ணும் மாத்திரைகள், ஏடிஎம் இயங்காது என்பதால் சில்லறைப் பணம் ஆகியவை உங்கள் பையிலேயே இருக்கட்டும். வீடிழந்தவர்களுக்கு வந்த பொட்டலத்தில் நாம் பங்கு கேட்கக் கூடாது. மூக்கிலோ ஆசனவாயிலோ இரத்தம் கசிய இறந்துகிடக்கும் மாட்டைத் தொடாதீர்கள், அறுக்கவும் விடாதீர்கள். அது மனிதருக்கும் தொற்றும் அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயாக இருக்கலாம், உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள்.

வீடு திரும்பிய ஒரு மாதத்துக்குள் காய்ச்சலோ கெண்டைக்கால் வலியோ வந்தால், வெள்ளநீரில் நின்றதையும் மாடுகளைத் தொட்டதையும் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். சாதாரணக் காய்ச்சலென்று விட்ட எலிக்காய்ச்சல் சிறுநீரகத்தைப் பாதித்துவிடும்.