இந்தப் பாகம் ஏன் தனியாக இருக்க வேண்டும்?

ஒரு பொருளின் வரைபடத்தில் கூடுதலாக ஒரு திருகை வரைய வடிவமைப்பாளருக்குச் சில நொடிகளே பிடிக்கும். ஆனால் அந்தத் திருகை ஒருவர் விலை பேசி வாங்க வேண்டும். இன்னொருவர் கிடங்கில் எண்ணி வைக்க வேண்டும். வேறொருவர் அதற்கான துளையைத் துளைத்து மரை வெட்ட வேண்டும். கடைசியாகப் பொருத்தும் மேசையில் இருப்பவர் அதை எடுத்து, முனையைச் சரியான பக்கம் திருப்பி, துளையில் நிறுத்தி முடுக்க வேண்டும். அப்பொருள் உற்பத்தியில் இருக்கும் ஆண்டுகள் முழுவதும், ஒவ்வொன்றுக்கும் இது நடக்கும். வரைந்தவரின் கண்ணில் இந்தச் செலவு படுவதில்லை. செலவைச் சுமப்பவர்களோ எல்லாம் முடிவான பிறகே வரைபடத்தைப் பார்க்கிறார்கள். புதிய பொருள்களை உருவாக்கும் குழுக்களுக்குத் தொழிற்சாலைகளில் அளிக்கப்படும் பயிற்சியின் முதல் வேலை, இந்த இரு தரப்பையும், கோடுகளை இன்னும் அழித்து எழுதக்கூடிய கட்டத்திலேயே, ஒரே மேசையில் உட்கார வைப்பதாகும்.

உட்கார வைத்துவிட்டால் மட்டும் காரியம் ஆகிவிடாது. வடிவமைப்பாளர், கருவி அச்சு செய்பவர், கொள்முதல் அலுவலர், தரச்சோதகர், பொருத்தும் பிரிவின் மேற்பார்வையாளர் ஆகிய ஐவரும் ஒரே பாகத்தை ஐந்து விதமாகப் பார்ப்பவர்கள். அவர்களுக்கிடையே பொதுவான அளவுகோல் ஒன்று இல்லாவிட்டால், பதவியில் மூத்தவர் சொல்வதே முடிவாகிவிடும். அப்படிப்பட்ட அளவுகோல் ஒன்றை உருவாக்கியவர்கள் ஜெஃப்ரி பூத்ராய்டும் பீட்டர் டியூஹர்ஸ்டும். பூத்ராய்டு 1960களில் இங்கிலாந்தில் தானியங்கிப் பொருத்தும் இயந்திரங்களை ஆராய்ந்தவர். அதிரும் கிண்ணம் ஒன்றில் கொட்டப்பட்ட சிறு பாகங்களை, ஒன்றன்பின் ஒன்றாக, எல்லாம் ஒரே பக்கம் பார்க்கும்படி வெளியே வரச் செய்வது அந்த இயந்திரங்களின் பெரிய சிக்கல். இயந்திரத்தோடு மல்லுக்கட்டுவதைவிடப் பாகத்தின் வடிவத்தைச் சற்றே மாற்றிவிடுவது பல வேளைகளில் எளிது என்பது அந்த ஆராய்ச்சியில் தெரியவந்தது. இயந்திரத்துக்குப் பொருந்திய இந்தப் பாடம் மனிதக் கைகளுக்கும் பொருந்தியது. 1970களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் அது முறையான கணக்கீடாக வளர்ந்தது. பின்னர் ரோட் ஐலண்ட் பல்கலைக்கழகத்துக்கு இருவரும் அதைக் கொண்டு சென்றார்கள். இந்தப் பணிக்காக 1991-இல் அமெரிக்காவின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் அவர்களுக்கு வழங்கப்பட்டது.

முறையின் மையத்தில் இருப்பவை மூன்று கேள்விகள். பொருள் இயங்கும்போது, ஏற்கெனவே பொருத்தப்பட்ட மற்றப் பாகங்களை ஒட்டாமல் இந்தப் பாகம் தனியே நகர வேண்டுமா? இயற்பியல் காரணம் ஏதேனும் ஒன்றால், இது மற்றவற்றிலிருந்து வேறுபட்ட மூலப்பொருளால் ஆகியிருக்கவோ அவற்றிலிருந்து விலக்கி வைக்கப்படவோ வேண்டுமா? இது தனியாக இல்லாவிட்டால் வேறு பாகங்களைப் பொருத்துவதோ கழற்றுவதோ இயலாமல் போய்விடுமா? மூன்றில் ஒன்றுக்காவது ‘ஆம்’ என்ற விடை கிடைத்தால் பாகம் தனித்து நிற்கத் தகுதி பெறுகிறது. இல்லையேல் கோட்பாட்டளவில் அதைப் பக்கத்துப் பாகத்தோடு சேர்த்துவிடலாம். திருகுகளும் வாஷர்களும் இந்தத் தேர்வில் ஏறத்தாழ எப்போதும் தோற்றுவிடும் என்பதை முதல்நாள் பயிற்சியிலேயே குழு கண்டுகொள்ளும். கேள்விகள் கறாரானவை, ‘போன முறையும் இப்படித்தான் செய்தோம்’ என்ற விடைக்கு அவற்றில் இடமில்லை.

இந்த முறையைக் கற்பிக்கப் பூத்ராய்டும் டியூஹர்ஸ்டும் பயன்படுத்திய எடுத்துக்காட்டையே எடுத்துக்கொள்வோம். இரண்டு வழித்தண்டுகளின் மேல் ஏறி இறங்கும் மோட்டார் அமைப்பு அது. தண்டுகளில் வழுக்கிச் செல்லும் உறுதியான அடித்தட்டு ஒன்று வேண்டும். அதன்மேல் மோட்டாரும் இருப்பிடத்தை அறியும் சென்சாரும் அமர வேண்டும். பார்ப்பதற்கு அழகாக இருக்கும்படி மோட்டார் மூடப்பட்டிருக்க வேண்டும். சென்சாரைச் சரிசெய்வதற்காக மூடியைக் கழற்றவும் முடிய வேண்டும். முதலில் முன்வைக்கப்பட்ட வடிவத்தில் அடித்தட்டு, அதில் அழுத்திப் பொருத்தும் இரண்டு புஷ்கள் (தண்டுகள் வழுக்கிச் செல்ல உதவும் உள்வளையங்கள்), மோட்டார், அதைப் பிடிக்கும் இரண்டு திருகுகள், சென்சார், அதை இறுக்கும் ஒரு திருகு, இரண்டு தாங்கு கம்பிகள், ஒரு முனைத்தட்டு, அதற்கு இரண்டு திருகுகள், மின்கம்பி வெளியேறும் துளைக்கு ஒரு பிளாஸ்டிக் புஷ், ஒரு மூடி, மூடிக்கு நான்கு திருகுகள் என மொத்தம் 19 பாகங்கள் இருந்தன. பார்த்தவுடன் குறை சொல்ல ஒன்றும் தோன்றாத, பொறியாளர் எவரும் கையெழுத்திட்டுவிடக்கூடிய வரைபடம்தான்.

கேள்விகளைத் தொடுத்ததும் காட்சி மாறுகிறது. அடித்தட்டுதான் எல்லாவற்றுக்கும் முதல் பாகம். அது இருந்தே ஆக வேண்டும். மோட்டாரும் சென்சாரும் வெளியில் வாங்கப்படும் ஆயத்தப் பொருள்கள், அவையும் இருக்கும். இவற்றை உள்ளே வைத்த பிறகு மூடுவதற்கு ஏதேனும் ஒன்று தனியாக வேண்டும் என்பதால் முனைத்தட்டு தேறுகிறது. மற்றவை ஒவ்வொன்றாக விழுகின்றன. அடித்தட்டையே வழுக்கும் தன்மையுள்ள பொருளால் செய்துவிட்டால் புஷ்கள் எதற்கு? தாங்கு கம்பிகளை அடித்தட்டிலிருந்தே எழுப்ப முடியாதா? முனைத்தட்டும் மூடியும் பிளாஸ்டிக் புஷ்ஷும் ஏன் ஒரே துண்டாக இருக்கக்கூடாது? கடைசியில் தேறுபவை நான்கே நான்கு.

அடுத்தது கணக்கு. எடுப்பதிலும் நுழைப்பதிலும் எந்தத் தொல்லையும் தராத பாகத்தைக் கையால் பொருத்த ஏறத்தாழ 3 நொடி ஆகும் என்பது இம்முறையின் அடிப்படை அலகு. நான்கு பாகங்களுக்கு 12 நொடி. முதல் வடிவத்தைப் பொருத்த ஆகும் மதிப்பீட்டு நேரமோ 160 நொடி. 12-ஐ 160-ஆல் வகுத்தால் பொருத்துதிறன் 7.5 விழுக்காடு. ‘இந்த வடிவம் சிக்கலாக இருக்கிறது’ என்று மேற்பார்வையாளர் முணுமுணுத்தால் யாரும் காதில் வாங்கமாட்டார்கள், ‘7.5’ என்று பலகையில் எழுதினால் கூட்டம் அமைதியாகிவிடும். பயிற்சியில் இந்த எண்ணுக்கு உள்ள பயன் அதுவே என்று கருதுகிறேன். அதன் துல்லியத்தைப் பற்றிச் சண்டையிடலாம். அது குழுவின் எல்லாருக்கும் ஒரே எண்ணாக இருக்கிறது என்பதுதான் முக்கியம்.

நொடிகள் எங்கே கரைகின்றன என்பதைக் கைகளால் செய்து பார்த்தால்தான் விளங்கும். ஒரு பாகத்தை எடுத்துச் சரியான நிலைக்குத் திருப்ப ஆகும் நேரம் அதன் சமச்சீரைப் பொறுத்தது. கோலிக்குண்டை எப்படி எடுத்தாலும் நேராகத்தான் இருக்கும். இரு முனையும் ஒன்றாக உள்ள உருளைக் கம்பியில் முனை எது என்று தேட வேண்டியதில்லை. திருகுக்குத் தலை எது, வால் எது என்று பார்த்தாக வேண்டும். ஆனால் தன் அச்சைச் சுற்றி அது எப்படித் திரும்பியிருந்தாலும் சரியே. ஒரே ஒரு நிலையில் மட்டும் நுழையும் பாகம் இவை எல்லாவற்றையும்விடக் கையைக் கூடுதலாகத் தாமதப்படுத்தும். இதில் கற்றுக்கொள்ள வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு: சமச்சீராக ஆக்க முடியாத பாகத்தில் வேறுபாட்டைக் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும்படி மிகைப்படுத்திவிட வேண்டும். ஒரு முனையில் அரை மில்லிமீட்டர் மட்டும் தடித்த கம்பி, நேரத்தையும் தின்னும், தலைகீழாகப் பொருத்தப்பட்டு வாடிக்கையாளர் வீடு வரை போயும் சேரும். ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும் சுருள்வில்கள், விரலுக்கு எட்டாத துளைகள், அடுத்த பாகம் வரும்வரை ஒரு கையால் பிடித்துக்கொண்டிருக்க வேண்டிய தட்டுகள் ஆகியவையும் இப்படியே. நுழைமுனையிலும் துளைவாயிலும் சிறு சரிவு கொடுத்தாலே பாதித் தொல்லை தீர்ந்துவிடும்.

மோட்டார் அமைப்பின் திருத்திய வடிவத்தில் 7 பாகங்களே மிஞ்சின. அடித்தட்டு நைலானுக்கு மாறியதால் புஷ்கள் போயின. தாங்கு கம்பிகள், முனைத்தட்டு, மூடி, பிளாஸ்டிக் புஷ், அவற்றுக்கான ஆறு திருகுகள் ஆகிய அனைத்தின் வேலையையும், அழுத்தினால் சொடுக்கென்று பிடித்துக்கொள்ளும் ஒரே பிளாஸ்டிக் மூடி ஏற்றுக்கொண்டது. பொருத்தும் நேரம் 46 நொடியாக இறங்கியது. திறன் 26 விழுக்காடாக ஏறியது.

கடையில் விற்கப்பட்ட பொருள்களில், 1985-இல் வெளிவந்த ஐபிஎம் நிறுவனத்தின் புரோபிரிண்டர் என்ற அச்சுப்பொறி இவ்வகைச் சிந்தனைக்குப் பெயர் பெற்றது. அதோடு ஒப்பிடப்பட்ட எப்சன் எம்எக்ஸ்-80 அச்சுப்பொறியில் சுமார் 150 பாகங்கள். புரோபிரிண்டரில் 30-க்குச் சற்று மேல். பொருத்தும் நேரம் ஏறத்தாழ அரை மணியிலிருந்து மூன்று நிமிடமாகக் குறைந்தது. வட கரோலினாவின் சார்லட் நகரில் ரோபோக்கள் பொருத்துவதற்கென்றே அதை வடிவமைத்தார்கள். ரோபோவின் கைக்கு எட்டும் அளவுக்கு எளிமைப்படுத்தி முடித்தபோது, மனிதக் கையே அதைச் சட்டென்று பொருத்திவிடக்கூடியதாக ஆகியிருந்தது.

இருந்தாலும், பாகங்களைச் சேர்த்துக்கொண்டே போகும் உற்சாகத்துக்குக் குழுவுக்குள்ளேயே கடிவாளம் வேண்டும்; அச்சு செய்பவர் அந்த மேசையில் இருப்பது அதற்காகத்தான். மூன்று தகடுகளின் வேலையை ஒரே பிளாஸ்டிக் மூடி செய்ய வேண்டுமென்றால் உருக்கிய பிளாஸ்டிக்கை உட்செலுத்தி அந்த மூடியை வார்க்கும் ஊசிவார்ப்பு அச்சு சிக்கலாகும், விலையும் ஏறும். ஆண்டுக்கு லட்சம் வார்ப்பவருக்கு அந்த விலை துண்டுக்குச் சில காசாகப் பரவிவிடும். சில நூறு மட்டும் செய்பவருக்குப் பழைய தகடும் திருகுமே மலிவு. பழுதுபார்ப்பவரின் குரலும் கேட்கப்பட வேண்டும்: அடிக்கடி கழற்றினால் சொடுக்குப் பிடி முறிந்துபோகலாம், முறிந்தால் முழு மூடியையும் மாற்ற வேண்டும்.

அந்த மோட்டார் அமைப்பிலும், கேள்விகளின்படி நான்கு போதும் என்றான பிறகும் ஏழு பாகங்கள் இருந்தன. கூடுதலாக நின்றவை மூன்று திருகுகள்: மோட்டாரைப் பிடிப்பவை இரண்டு, சென்சாரை இறுக்குவது ஒன்று. மோட்டார் வெளியிலிருந்து வாங்கப்படுவது. அதைத் திருகின்றிப் பிடிக்க வேண்டுமானால் அதைச் செய்பவரிடம் போய் வடிவத்தை மாற்றச் சொல்ல வேண்டும். சென்சாரோ நகர்த்திச் சரிசெய்யப்பட வேண்டியது. சரிசெய்த இடத்தில் அதை நிறுத்த ஏதேனும் ஒன்று தேவை. முதல் வரைபடத்தில் பழக்கத்தால் இடம்பெற்ற அதே திருகுகள், இரண்டாம் வரைபடத்தில் கேட்டவருக்குச் சொல்லக் காரணத்தோடு இருந்தன.