பூச்சி குத்திய காயை வேலி ஓரம் வீசாதீர்கள்

இந்த வாரமும் அதே கதைதான். மொரீஷியஸில் ஃபிளாக் பக்கம் காய்கறி பயிரிடும் பெரியவர் ஒருவர் ஒரு பை நிறைய சொத்தைப் பாகற்காயைக் கொண்டுவந்தார். "மருந்து அடித்துக்கொண்டேதான் இருக்கிறேன் தம்பி, புழு நிற்கவில்லை. இன்னும் வீரியமானது ஏதாவது சொல்லுங்கள்" என்றார். தோட்டத்துக்குப் போய்ப் பார்த்தேன். பந்தல் சுத்தமாக இருந்தது. வேலி ஓரத்தில், பறித்து வீசிய சொத்தைக் காய்கள் குவிந்து கிடந்தன. தைப்பூசம் நெருங்குகிறது, ஏழு கறி விருந்துக்குக் காய் தேடி எல்லோரும் அலையும் நேரம். இங்கே இது வெயிலும் மழையும் சேர்ந்த காலம், பழ ஈ பெருகும் காலமும் இதுதான்.

காய்க்குள் புழு தானாக உண்டாவதில்லை. இதை எத்தனை முறை சொன்னாலும் போதவில்லை. மழையால் வருவதில்லை, விதையோடு வருவதில்லை, மண்ணிலிருந்து ஏறி வருவதும் இல்லை. ஓர் ஈ வந்து பிஞ்சின் தோலைத் துளைத்து உள்ளே முட்டை வைக்கிறது. அதிலிருந்து வருவதுதான் அந்தக் காலில்லாத வெள்ளைப் புழு. நன்றாகத் தின்று வளர்ந்ததும் காயைவிட்டு வெளியேறி, மண்ணுக்குள் புகுந்து கூட்டுப்புழு ஆகிறது. அங்கிருந்து மறுபடி ஈயாக வருகிறது. புழுவும் ஈயும் ஒரே பூச்சி! பலர் அந்த ஈயைப் பார்த்திருக்கிறார்கள், ஆனால் மஞ்சள் கோடு போட்ட பழுப்பு உடம்பைப் பார்த்துக் குளவி என்று விட்டுவிடுகிறார்கள். குளவிக்கு நான்கு இறக்கை, ஈக்கு இரண்டுதான்.

நம்பிக்கை வரவில்லையா? ஒரு பாட்டிலில் ஈர மணல் போட்டு, குத்துப்பட்ட காயை மேலே வைத்து, வாயை மெல்லிய துணியால் கட்டி நிழலில் வையுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் யார் வெளியே வருகிறார் என்று நீங்களே பார்க்கலாம். பூச்சியை அடையாளம் காண நாங்களும் இப்படித்தான் செய்கிறோம். பழ ஈக்களின் புழுக்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருப்பதால், வளர்த்துப் பார்க்காமல் பெயர் சொல்ல யாரும் அவசரப்படுவதில்லை.

இப்போது யோசியுங்கள். புழு காயின் சதைக்குள், கூட்டுப்புழு மண்ணுக்குள். நீங்கள் தோல்மேல் அடிக்கும் மருந்து யாரைத் தொடுகிறது? பெண் ஈ முட்டை வைக்க மட்டும் பந்தலுக்கு வருகிறது, மற்ற நேரம் பெரும்பாலும் ஓரத்துச் செடிகளில் தங்கிவிடுகிறது. காலையில் அடிக்கும் மருந்தில் சாவது தேனீ. பாகல், புடல், பீர்க்கு எல்லாவற்றிலும் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. தேனீ போன்ற பூச்சிகள் மகரந்தம் கொண்டுபோகாவிட்டால் பிஞ்சே இல்லை. அப்புறம் "காய்ப்பு குறைந்துவிட்டது" என்று என்னிடமே வருகிறீர்கள்.

குத்துப்பட்ட காயையும் உதிர்ந்த காயையும் அன்றன்றே பொறுக்குங்கள். கறுப்புப் பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி நல்ல வெயிலில் வையுங்கள், அல்லது மாட்டுக்குப் போடுங்கள். மேலாகப் புதைத்தால் ஈ மண்ணைத் தள்ளிக்கொண்டு வந்துவிடும், அரை மீட்டருக்குக் குறையாமல் தோண்டுங்கள். பிஞ்சு பிடித்த உடனே காகித உறை போடுங்கள். தோட்டத்தைச் சுற்றி ஒரு வரிசை சோளம் நட்டு, புரத இரையை, அதாவது பூச்சிமருந்து கலந்த புரதக் கரைசலை, அதன்மேல் மட்டும் அங்கங்கே தெளியுங்கள். முட்டை முதிரப் புரதம் தேவை என்பதால் பெண் ஈ அதைத் தேடி வரும். வாசனையால் ஈயை இழுக்கும் இனக்கவர்ச்சிப் பொறி நிறைய ஈ செத்துக் கிடப்பதைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள், அதில் விழுபவை ஆண் ஈக்கள்தான்.

ஊருக்குப் போய்வருபவர்களிடம் ஒரு வேண்டுகோள். 1996-இல் கிழக்கத்தியப் பழ ஈ இந்தத் தீவுக்குள் நுழைந்தபோது, அதை விரட்டச் சில ஆண்டுகள் பாடுபட வேண்டியிருந்தது. பெட்டியில் மாம்பழமோ கொய்யாவோ எடுத்து வராதீர்கள். அம்மா கொடுத்ததாகவே இருந்தாலும் அங்கேயே சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.