தாய் இருக்கும் பிள்ளை எப்படி அநாதையாகிறது?

உகாண்டாவில் எந்தக் காப்பகத்துக்குப் போனாலும் நான் முதலில் கேட்பது பிள்ளைகளின் சேர்க்கைக் கோப்பைத்தான். வரவேற்புப் பாட்டு, நடனம், டீ எல்லாம் அப்புறம். கோப்பிலும் ஒரு பக்கம் போதும்: தந்தை, தாய், நெருங்கிய உறவினர் என்று மூன்று கட்டங்கள் இருக்கும் பக்கம். தந்தை கட்டத்தில் பெரும்பாலும் 'காலமானார்' என்றோ 'தெரியாது' என்றோ எழுதியிருக்கும். தாய் கட்டத்தில் ஒரு பெயர் இருக்கும். பக்கத்திலேயே, பல நேரம் பென்சிலில், ஒரு கைப்பேசி எண்ணும் இருக்கும். அந்த எண்ணை அழைத்தால் யாராவது எடுப்பார்கள். அம்மா எடுப்பார், இல்லையென்றால் பாட்டி, அதுவும் இல்லையென்றால் ஒரு சித்தி. வாசல் பலகையில் மட்டும் 'அநாதை இல்லம்' என்று இருக்கும்.

நான் சமூகப் பணியாளர். கிழக்கு ஆப்பிரிக்காவில் கிறிஸ்தவ அமைப்புகளோடு சேர்ந்து, காப்பகங்களில் இருக்கும் பிள்ளைகளை அவர்கள் குடும்பத்தோடு மறுபடி சேர்த்துவைக்கும் வேலை. ஊரிலிருந்தும் லண்டன், டொரன்டோ தமிழ்ச் சபைகளிலிருந்தும் தெரிந்தவர்கள் வாட்ஸ்அப்பில் வந்த ஒரு படத்தை எனக்கு அனுப்பிவைப்பார்கள். வரிசையாக நிற்கும் பிள்ளைகள், நடுவில் கோட் போட்ட பாஸ்டர், கீழே அரிசிக்கும் பாய்க்கும் உதவி கேட்டு ஒரு ஜெபக் குறிப்பு. 'இது உண்மையான ஹோம்தானா, விசாரித்துச் சொல்லுங்கள்' என்பார்கள். ஹோம் உண்மையா பொய்யா என்பது இரண்டாவது கேள்வி. அந்தப் பிள்ளை அங்கே ஏன் இருக்கிறது என்பதே முதல் கேள்வி, அதை யாரும் கேட்பதில்லை.

எண்ணிக்கையிலிருந்தே குழப்பம் ஆரம்பிக்கிறது. தாய், தந்தை இருவரில் ஒருவர் இறந்திருந்தாலும் யுனிசெஃப்பின் அநாதைகள் கணக்கில் அந்தப் பிள்ளை சேர்ந்துவிடும். 2015 கணக்குப்படி உலகம் முழுக்க அப்படி ஏறக்குறைய 14 கோடிப் பிள்ளைகள், அதில் ஆப்பிரிக்காவில் சுமார் 5.2 கோடி. இருவரையும் இழந்தவர்கள் உலகம் முழுக்கச் சேர்த்தே சுமார் 1.5 கோடிதான். அந்த 1.5 கோடியிலும் பெரும்பாலானோர் பாட்டி வீட்டிலோ மாமா, அத்தை வீட்டிலோ வளர்கிறார்கள். நன்கொடை நோட்டீஸில் மட்டும் பெரிய எண்ணே அச்சாகிறது. படிப்பவர் மனதில் 5 கோடிப் பிள்ளைகள் தெருவில் நிற்கும் காட்சி வந்துவிடுகிறது.

சபைகள் செய்ததைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. 1980களில் விக்டோரியா ஏரிக்கரையில், உகாண்டாவின் ராக்காய் பகுதியில், ஆட்கள் மெலிந்து மெலிந்து சாக ஆரம்பித்தார்கள். ஊரார் அந்த நோய்க்கு 'ஸ்லிம்' என்று பெயர் வைத்தார்கள். அது எய்ட்ஸ். ஒரு தலைமுறையே நடுவில் விழுந்தது. பாட்டியும் பேரப்பிள்ளைகளும் மட்டும் மிஞ்சிய வீடுகள் வரிசையாக இருந்தன. அரசாங்கத்திடம் பணமில்லாத அந்த நாட்களில் வீட்டுக்கு வீடு போய் நோயாளிகளைக் கழுவித் துடைத்தவர்களில் கன்னியாஸ்திரிகளும் சபைப் பெண்களும் நிறையப் பேர். பிள்ளைகளுக்காகக் காப்பகங்கள் முளைத்ததும் அப்போதுதான். 2003, 2004 வாக்கில் மருந்து பரவலாக வர ஆரம்பித்தது, தாய்மார் பிழைத்தார்கள். கட்டடங்கள் மட்டும் நின்றுவிட்டன. கட்டடம் இருந்தால் கட்டில் இருக்கும். கட்டில் காலியாக இருந்தால் ஸ்பான்சருக்குப் படம் அனுப்ப முடியாது.

சரி, தாய் ஏன் பிள்ளையைக் கொண்டுபோய் விடுகிறாள்? பாசம் இல்லாமல் இல்லை. உகாண்டாவில் 1997 முதல் தொடக்கக் கல்வி இலவசம் என்று பெயர். ஆனால் சீருடை, மதிய உணவு, தேர்வுக் காசு என்று பள்ளி ஏதாவது கேட்டுக்கொண்டே இருக்கும். கட்டாத பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். காப்பகத்திலோ மூன்று வேளை சாப்பாடு, கொசுவலை, ஆங்கிலப் பள்ளி. மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு அடுத்தவர் நிலத்தில் களையெடுக்கும் பெண், ஒரு பிள்ளையாவது படிக்கட்டும் என்று நினைப்பதில் என்ன தப்பு? அவள் கணக்கில் அது விடுதிதான். பிள்ளையை அநாதை என்று எழுதிக்கொடுத்தால்தான் இடம் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் கைநாட்டு வைத்துவிடுகிறாள்.

அப்படிச் சொல்வதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். கம்பாலாவில் நல்ல பள்ளியில் சேர்க்கிறோம் என்று கிராமத்துப் பெற்றோரிடம் பிள்ளைகளை வாங்கி, அனுமதியில்லாத காப்பகத்தில் வைத்து, வெளிநாட்டுத் தத்துக்குக் கொடுத்த விவகாரத்தில் 2020 ஆகஸ்டில் அமெரிக்கக் கருவூலத்துறை நான்கு உகாண்டா நாட்டவர்மீது தடை விதித்தது. அதில் இரண்டு பேர் நீதிபதிகள். தத்தெடுத்த அமெரிக்கத் தம்பதிகளில் எத்தனையோ பேர் ஜெபித்து, கடன் வாங்கி, நல்ல எண்ணத்தோடு வந்தவர்கள்.

காப்பகத்தில் வளர்வதால் என்ன கெட்டுப்போகிறது என்று கேட்பவர்களுக்கு நான் ஒரு விஷயத்தைக் காட்டுவேன். வேனிலிருந்து இறங்கும் முன்பின் தெரியாத ஆளை ஓடிவந்து கட்டிக்கொள்ளும் மூன்று வயதுப் பிள்ளை. வருகிறவர்களுக்குக் கண் கலங்கிவிடும், 'எவ்வளவு பாசம் பாருங்கள்' என்பார்கள். வீட்டில் வளரும் மூன்று வயதுப் பிள்ளை புது ஆளைப் பார்த்தால் அம்மா பின்னால் ஒளியும். ஒளிந்துகொள்ள ஒரு பாவாடை இல்லாத பிள்ளைதான் எல்லோரிடமும் ஓடும். ஷிஃப்டில் மாறும் ஆயாக்கள், இரண்டு வாரம் கொஞ்சிவிட்டு விமானம் ஏறும் தன்னார்வலர்கள், அதற்கப்புறம் அடுத்த குழு. ருமேனியாவின் காப்பகக் குழந்தைகளை வருடக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வில், இரண்டு வயதுக்குள் ஒரு குடும்பத்துக்குப் போன குழந்தைகள் தெளிவாகத் தேறினார்கள். தாமதமாகத் தாமதமாகத் தேறுவதும் கடினமானது.

18 வயதில் வேறொரு சிக்கல் வரும். உகாண்டாவுக்குள் இருக்கும் புகண்டா பகுதியில் ஒருவரை இன்னார் என்று சொல்வது அவருடைய குலத்தை வைத்துத்தான். ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு விலங்கோ செடியோ அடையாளம், அதை அவர்கள் சாப்பிட மாட்டார்கள். க்வஞ்சுலா எனப்படும் பெண்வீட்டு அறிமுகச் சடங்கில் மாப்பிள்ளை இன்ன குலம், இன்னாருடைய மகன், இன்னாருடைய பேரன் என்று சொல்லியாக வேண்டும். காப்பகத்தில் வளர்ந்த பையனுக்கு ஆங்கிலம் வரும், வேத வசனங்கள் மனப்பாடமாக வரும், தாத்தா பெயர் வராது. கூட நின்று பேசப் பெரியவர் யாரும் இருக்கமாட்டார். பங்கு கேட்க நிலமும் இருக்காது.

நிலம் என்றதும் விதவைகளிடம் வர வேண்டியிருக்கிறது. பிள்ளை அநாதையாவது பல வீடுகளில் தகப்பன் செத்த அன்றைக்கு அல்ல, அடக்கம் முடிந்து சில வாரம் கழித்துத்தான். எனக்குத் தெரிந்த ஒரு பெண், முப்பது வயதிருக்கும், கம்பாலாவுக்குக் கிழக்கே ஒரு கிராமம். கணவன் இறந்தபின் ஒரு காலையில் எழுந்து பார்த்தால், எல்லைக்கு நட்டிருந்த செடிவரிசையில் ஒரு பக்கம் பிடுங்கப்பட்டு வாழைகளுக்கு நடுவே புதிதாக நடப்பட்டிருந்தது. யாரும் சண்டைக்கு வரவில்லை. கொஞ்ச நாளில் இன்னும் நாலு அடி உள்ளே வந்தது. கொழுந்தன் வந்து, 'அண்ணன் போயிட்டார், நீ உன் அம்மா வீட்டுக்குப் போறதுதானே மரியாதை' என்றான். கல்யாணத்தைப் பதிவு செய்யவில்லை. நிலத்துக்கான தாள் அவன் கையில். காபியும் வாழையும் போனால் அந்த வருடப் பள்ளிக் காசு போகும். மூத்தவளை ஒரு ஹோமில் விட்டாள். அந்தச் சிறுமி 'அநாதை' என்று ஒரு வெளிநாட்டுச் சபையின் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் படமாக ஒட்டப்பட்டாள்.

இந்த இடத்தில்தான் காணிக்கைப் பணம் உண்மையில் வேலை செய்யும் என்பது என் கருத்து. இன்டர்நேஷனல் ஜஸ்டிஸ் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பு முக்கோனோ மாவட்டத்தில் வருடக்கணக்கில் செய்தது கட்டடம் கட்டும் வேலை அல்ல. விதவையின் நிலத்தைப் பறிப்பது குடும்பச் சண்டை அல்ல, குற்றம் என்று போலீஸையும் அரசு வழக்கறிஞர்களையும் உள்ளூர்த் தலைவர்களையும் நடத்த வைத்தது. 2022இல் உகாண்டாவின் வாரிசுரிமைச் சட்டம் திருத்தப்பட்டு, உயில் இல்லாமல் இறந்தவரின் சொத்தில் கணவன் அல்லது மனைவிக்குரிய பங்கு 15 சதவீதத்திலிருந்து 20 சதவீதமானது. சட்டம் தாளில் இருக்கிறது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு எல்சி-1 சேர்மன் முன்னால் (நம்மூர் வார்டு மெம்பர் மாதிரி, ஆனால் அதிகாரம் கொஞ்சம் கூட) போய் உட்காரத் துணைக்கு ஆள் வேண்டும். சபையில் உயில் எழுதக் கற்றுக்கொடுப்பதும், கல்யாணத்தைப் பதிவு செய்ய வைப்பதும் ஸ்பான்சருக்குப் படம் அனுப்பக்கூடிய ஊழியம் இல்லை. அதனாலேயே அதற்குப் பணம் வருவதில்லை.

காணிக்கைப் பணம் வேலை செய்யும் இன்னொரு இடம், பெண்கள் குழுவின் சேமிப்புப் பெட்டி. பச்சை அல்லது நீல நிறத் தகரப் பெட்டி, மூன்று பூட்டு, மூன்று சாவி, மூன்று வெவ்வேறு பெண்கள் வீட்டில். வாரத்துக்கு ஒருநாள் இருபது, இருபத்தைந்து பெண்கள் சபைக் கூடத்திலோ மாமரத்தடியிலோ கூடுகிறார்கள். மூன்று சாவியும் வந்தால்தான் பெட்டி திறக்கும். போட்ட காசுக்குப் பாஸ்புக்கில் முத்திரை குத்துவார்கள், எழுதப் படிக்கத் தெரியாதவரும் முத்திரையை எண்ணிக்கொள்ளலாம். எல்லார் கண்முன்னே காசை எண்ணி, எல்லாரும் மொத்தத்தை மனதில் வைத்துக்கொண்டு போவார்கள். அடுத்த வாரம் திறக்கும்போது யாரையாவது கேட்டால் சரியாகச் சொல்ல வேண்டும். கடன் அதிலிருந்துதான், வட்டியும் அதற்குள்ளேயேதான் விழும். துக்கத்துக்கும் வைத்தியத்துக்கும் தனியாக ஒரு சின்ன நிதி. வருடக் கடைசியில் மொத்தத்தையும் பிரித்துக்கொள்வார்கள். 1991இல் நைஜரில் கேர் என்ற தொண்டு நிறுவனம் தொடங்கிய முறை இது. இன்று ஆங்கிலிக்கன் மதர்ஸ் யூனியன் பெண்களும் பெந்தெகொஸ்தே சபைப் பெண்களும் அவரவர் ஊரில் நடத்துகிறார்கள். நம் மகளிர் குழுவைப் போல வங்கி வாசலில் நிற்க வேண்டியதில்லை. வெளியிலிருந்து வேண்டியது பெட்டி, பாஸ்புக், பயிற்சி கொடுக்க ஒரு ஆள் மட்டும். வெளிநாட்டுப் பணத்தைப் பெட்டிக்குள்ளேயே கொட்டினால் குழு கெட்டுவிடும், சொந்தக் காசுக்கு இருக்கும் கண் இனாம் காசுக்கு இருப்பதில்லை.

பிரித்துக்கொள்ளும் நாளைப் பள்ளி திறக்கும் பிப்ரவரிக்கு முன்னால் வைக்கும் குழுக்களைப் பார்த்திருக்கிறேன். காப்பகங்களுக்குப் புதுப் பிள்ளைகள் வந்து சேரும் பருவமும் அதே பள்ளி திறக்கும் பருவம்தான்.

செலவையும் பார்த்துவிடலாம். தான்சானியாவின் ககேரா பகுதியில் (ராக்காய்க்கு எல்லை தாண்டினால் ககேரா) உலக வங்கி ஆய்வொன்றின்படி, காப்பகத்தில் ஒரு பிள்ளைக்கு வருடம் 1,000 டாலருக்கு மேல் ஆனது. வளர்ப்புக் குடும்பத்தில் வைத்து உதவினால் ஆகும் செலவைப்போல அது ஏறக்குறைய ஆறு மடங்கு.

காப்பகத்துப் பிள்ளைகளைக் குடும்பத்துக்கு மாற்றுவதை ருவாண்டா நாடு முழுக்கச் செய்து பார்த்தது. 1994 இனப்படுகொலைக்கு அப்புறம் காப்பகங்கள் பெருகிய நாடு அது. 2012இல் 33 காப்பகங்களில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இருந்தார்கள். பிள்ளைகளைக் குடும்பத்தில் வளர்ப்போம் என்ற பெயரிலேயே அரசாங்கமும் யுனிசெஃப்பும் ஒரு திட்டம் தொடங்கி, பெரும்பாலான பிள்ளைகளை உறவினரிடமோ வளர்ப்புக் குடும்பத்திடமோ சேர்த்தன. வளர்ப்புப் பெற்றோருக்கு அங்கே 'காவல் தூதர்' என்ற பொருளில் பெயர். ஒவ்வொரு கிராமத்திலும் ஒரு ஆண், ஒரு பெண் என இரண்டு தன்னார்வலர்கள் போய்ப் பார்த்து வருகிறார்கள். கென்யா 2017 நவம்பரில் புதுக் காப்பகங்களைப் பதிவு செய்வதை நிறுத்தியது. 2022இல், பிள்ளைகளைக் காப்பகத்திலிருந்து குடும்பத்துக்கு மாற்றப் பத்து வருடத் திட்டம் ஒன்றை வெளியிட்டது.

அதற்காக நாளைக் காலையில் எல்லாக் காப்பகத்தையும் பூட்டுங்கள் என்று யாராவது சொன்னால் நான் எதிர்ப்பேன். குப்பைமேட்டில் கிடைத்த சிசுவுக்கும், வீட்டுக்குள்ளேயே அடியும் வன்கொடுமையும் அனுபவித்த சிறுமிக்கும் அன்றிரவே ஒரு இடம் வேண்டும். மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்குக் குடும்பம் தேடுவது எல்லாவற்றையும்விடக் கஷ்டம். நன்கொடை நின்றது என்பதற்காகப் பிள்ளைகளை வேனில் ஏற்றி ஊரில் இறக்கிவிட்டு வந்த ஒரு நிர்வாகத்தையும் எனக்குத் தெரியும், அதன் பெயர் மறுசேர்ப்பு அல்ல. பாட்டியைப் பலமுறை போய்ப் பார்க்க வேண்டும், பிள்ளை வார இறுதிக்கு மட்டும் போய்வந்து பழக வேண்டும், பள்ளிக் காசுக்கு வழி செய்ய வேண்டும், சேர்த்த அப்புறமும் போய்க்கொண்டே இருக்க வேண்டும். ஒரு பாட்டி என்னிடம் நேராகவே கேட்டார்: 'பிள்ளையைக் கொண்டுவந்துட்டே, சந்தோஷம். அவனுக்கு வந்துகிட்டிருந்த பணம் எங்கே?' ஸ்பான்சர் பணம் காப்பகத்தின் பேரில்தான் வந்தது, பையன் பேரில் அல்ல. பையன் வீட்டுக்குப் போனதும் அது அடுத்த பிள்ளைக்கு மாறிவிட்டது. இதற்கு என்னிடம் பதில் இல்லை, ஸ்பான்சரிடம்தான் இருக்கிறது.

ஆகவே உங்களிடம் படம் வந்தால், பணம் அனுப்பும் முன் பதில் எழுதுங்கள். இத்தனை பிள்ளைகளில் தாயோ தகப்பனோ பாட்டியோ உயிரோடு இருப்பது எத்தனை பேருக்கு? போன வருடம் எத்தனை பேர் வீடு திரும்பினார்கள்? சமூகப் பணியாளர் யார், காப்பகத்துக்கு அரசு அனுமதி எந்தத் தேதிவரை? பிள்ளையை வீட்டுக்கு அனுப்பினால் நான் தரும் பணம் அந்த வீட்டுக்குத் தொடர்ந்து போகுமா? படத்தைக் கூகுளில் தேடிப் பார்ப்பதும் நல்லது, ஒரே படம் மூன்று பாஸ்டர்கள் பெயரில் சுற்றுவதுண்டு. இந்தியாவில் இருப்பவர்கள் கவனிக்க: தனிநபர் ரிசர்வ் வங்கி விதிப்படி வங்கி மூலமாக அனுப்பலாம், ஆனால் அதற்கு நன்கொடைக்கான வருமான வரி விலக்கு கிடையாது. சபை டிரஸ்ட் கணக்கிலிருந்து வெளிநாட்டில் செலவழித்தால் வருமான வரிச் சிக்கல் வரும், ஆடிட்டரிடம் கேட்காமல் செய்யாதீர்கள்.

கோப்பு வைத்து ஒழுங்காக நடத்துகிறவர் இந்தக் கேள்விகளால் கோபப்படமாட்டார். 'மொத்தம் இத்தனை, அதில் இத்தனை பேருக்கு உறவு இருக்கிறது, இன்னும் போய்ப் பார்க்கப் பெட்ரோலுக்குக் காசில்லை' என்று எண்களோடு எழுதுவார். அவருக்குப் பெட்ரோல் காசு அனுப்புங்கள். எண்ணுக்குப் பதிலாக இன்னும் பத்து படம் வந்தால், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.